குளத்தில் மருந்து கொட்டுமுன்

யாழ்ப்பாண மாவட்டத்தின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கேணிகளைப் பராமரிக்கும் ஆலய பரிபாலன சபையினருக்கும்,

வணக்கம்.

உயர்தர வகுப்புக்கு நீண்ட காலம் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதும் மடல் இது. கோரிக்கை ஒன்றுதான். பச்சையாகிப்போன குளத்திலோ கேணியிலோ குளோரின் தூளையோ மயில்துத்தத்தையோ கொட்டாதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த கோடையில் எங்கள் ஊர்க் குளம் பச்சையானது. தீர்த்தத் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. ஊரில் நல்ல மனம் படைத்த சிலர் சேர்ந்து மூன்று மூட்டை குளோரின் தூள் வாங்கிவந்து, படிக்கட்டில் நின்றபடியே கொட்டினார்கள். இரண்டாம் நாள் விடிய, கரையெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மீன்கள். குளோரின் கொன்றதா, நீரில் ஒட்சிசன் இல்லாமல் போனதா, வேறு நஞ்சு கலந்ததா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. மீனை அள்ளிப் புதைத்தார்கள். பச்சை மறைந்தது, திருவிழாவும் நல்லபடி நடந்தது. ஒன்றரை மாதத்தில் பச்சை திரும்பி வந்தது, முன்னையதைவிடத் தடிப்பாக.

அப்போது பக்கத்து வளவு அம்மா வேலியோரம் நின்று கேட்டார்: "சேர், குளம் பச்சையாக் கிடக்குது. ஆட்டுக்குத் தண்ணி காட்டலாமோ?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு எனக்கு இருப்பதைவிட உங்களுக்கு அதிகம் என்று நினைக்கிறேன். குளங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. நீரில் பச்சையாக எது கிடந்தாலும் எங்களுக்கு அது பாசி. கிணற்றுச் சுவரில் வழுக்குவதும் பாசி, வாய்க்காலில் கூந்தல்போல அசைவதும் பாசி, குளத்தில் பெயின்ற் ஊற்றினதுபோல மிதப்பதும் பாசி. இவை ஒன்றல்ல. ஒரு நீளத் தடியைக் குளத்துக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். தடியில் நூல்நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரண இழைப் பாசி, அவ்வளவாகப் பயப்படத் தேவையில்லை. நூல் எதுவும் இல்லாமல், பச்சைச் சாயத்தில் தோய்த்ததுபோல் தடி வந்தால் அது நீலப்பச்சை அல்காவாக இருக்கக்கூடும் (அல்கா என்பது பாசிக்குப் பாடநூல் சொல்). இன்னொரு வழியும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்குக் குளத்து நீர் எடுத்து, மூடி, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். சாதாரண அல்காக்கள் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். நீலப்பச்சை அல்கா மேலே ஏறி, கழுத்தருகே பச்சை வளையமாக நிற்கும். என் யன்னலோரத்தில் நின்ற போத்தலில் அந்த வளையம் ஒரு விரல் தடிப்பில் இருந்தது. அருகில் வைத்துப் பார்த்தால் ரவை தூவினதுபோலச் சின்னச் சின்ன மணிகள். இந்தச் சோதனைகள் நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லமாட்டா. எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

மேலே ஏறுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் காற்று நிறைந்த மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றால் அது மிதக்கும். வெயிலில் உணவு தயாரித்துக் கலம் கனத்தால் கீழே இறங்கும், இரவில் அதைச் செலவழித்தபின் மீண்டும் எழும்பும். அதனால்தான் காற்றில்லாத நாளில் விடியற்காலையில் குளம் மிக மோசமாகத் தெரிகிறது. மேலே ஏறிய படை மற்ற அல்காக்களுக்கும் அடியில் உள்ள நீர்ச்செடிகளுக்கும் வெளிச்சத்தை மறைத்துவிடும். கோடையில் அசையாமல் சூடேறிக் கிடக்கும் எங்கள் குளங்கள் இதற்குச் சொர்க்கம்.

பெயரில் அல்கா இருந்தாலும் இது அல்காவே அல்ல, ஒரு பற்றீரியா. கலத்துக்குள் கரு இல்லை. பாடநூலில் சயனோபற்றீரியா என்று வாசித்திருப்பீர்கள். பச்சையத்தோடு ஒரு நீல நிறப்பொருளும் சேர்ந்திருப்பதால் இந்தப் பெயர். குளக்கரைக் கல்லில் ஒதுங்கி வெயிலில் செத்துக் காயும் படையைப் பாருங்கள்: வேட்டிக்கு நீலம் போட்ட வாளியை அந்த இடத்தில் கவிழ்த்ததுபோல ஒரு நீலக் கறை இருக்கும். கலம் உடைந்து உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது என்பதற்கு அது கண்முன் அடையாளம். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நான் இந்த உயிரியின் எதிரி அல்லன். வகுப்பில் இதைப் படிப்பிக்கும் நாளை ஆண்டுதோறும் ஆவலோடு எதிர்பார்த்தவன். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது இவற்றின் ஒளித்தொகுப்பால்தான். அதற்கு முன் நாங்கள் மூச்சுவிடக்கூடிய காற்று இங்கே இருக்கவில்லை. இவற்றில் ஒன்றை வேறொரு கலம் எப்போதோ விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதன் வழியில்தான் இன்றைய தாவரங்களின் பச்சையவுருமணி, அதாவது இலைக்குள் உணவு தயாரிக்கும் பச்சை மணி, வந்தது. வீட்டு முற்றத்து முருங்கையிலையின் பச்சைக்கும் குளத்துப் பச்சைக்கும் உறவு உண்டு.

மாரி தொடங்கிய முதல் கிழமையில் நிலத்தில் கரும்பச்சையாக, ஊறவைத்த சவ்வரிசியை நசித்துப் பரப்பினதுபோல ஒரு வழுவழுப்பு கிளம்புமே, அது நொஸ்ரொக் என்ற நீலப்பச்சை அல்காவாக இருக்கலாம். கோடை முழுக்கக் கறுத்த சருகுபோலக் காய்ந்து கிடந்து, மழை பட்டதும் உயிர்க்கிறது. அதன் கலங்கள் மணிமாலைபோல வரிசையாக இருக்கும். இடையிடையே தடித்த சுவருள்ள ஒரு தனிக் கலம். அந்தக் கலத்துக்குள் ஒட்சிசன் புகாது. அங்கேதான் காற்றிலுள்ள நைதரசன் பிடிக்கப்பட்டு உரமாக மாறுகிறது. யூரியாத் தொழிற்சாலை பெரிய வெப்பத்திலும் அமுக்கத்திலும் செய்யும் வேலையை இந்தத் துணுக்கு எங்கள் முற்றத்து வெப்பத்தில் செய்கிறது. நெல் வயல்களில் பசளை போடாமலே நைதரசன் சேர்வது இவற்றால்தான் என்று 1939இல் பி. கே. டே என்ற இந்திய அறிஞர் எழுதினார். நீரில் மிதக்கும் அசோலாச் செடியின் இலைக்குள் குடியிருந்து நெல்லுக்கு உரம் கொடுப்பதும் இவற்றில் ஒன்றே.

சரி, இவ்வளவு நல்ல உயிர் குளத்தில் ஏன் படையெடுக்கிறது? அதற்கு நாங்கள் தீனி போடுகிறோம். கனடாவின் ஒன்ராறியோவில் 226 என்று இலக்கமிட்ட ஓர் ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் காபனும் நைதரசனும் இட்டார்கள். மற்றப் பாதியில் அந்த இரண்டோடு பொசுபரசும். பொசுபரசு இட்ட பாதி மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரியில் இரு நிறம் தெரியும். நான் அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன்.

ஆனாலும் பொசுபரசோடு கதை முடிவதில்லை. சூடான குளங்களில் அடிக்கடி படையெடுக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகைக்கு, நொஸ்ரொக்போலக் காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கத் தெரியாது. அதற்கு நைதரசனை யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். யூரியா கிடைத்தால் அப்படியே எடுத்துக்கொள்ளும். தோட்டத்தில் போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு வாய்க்காலுக்கு வருகிறது. வாய்க்காலோடு சவர்க்காரத் தண்ணீர் வருகிறது, மலசலகூடக் குழிக் கசிவு வருகிறது, கடைத்தெருக் கழிவு வருகிறது. கேணியில் மீனுக்குப் போடும் பொரிகூட அளவு மீறினால் இதில் சேர்ந்ததுதான். எல்லாம் அடிச் சேற்றில் படிந்து, கோடையில் மெல்ல மேலே கரைகிறது. அதனால்தான் எங்கள் குளத்தில் கொன்ற பச்சை ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. செத்த கலங்களே அடுத்த படைக்கு உரமாயின.

இனி நஞ்சைப் பற்றி. நீலப்பச்சை அல்கா எல்லாமே நஞ்சுள்ளவை அல்ல. ஒரே வகையிலும் சில நஞ்சு செய்யும், சில செய்யாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதே ஆபத்து. மைக்ரோசிஸ்டிஸ் செய்யும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும். அதன் ஒரு வகைக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்பவேண்டாம். கொதி இந்த நஞ்சை அழிக்காது. கலத்தை உடைத்து உள்ளே இருந்ததையும் நீரில் கலந்துவிடும்.

ஆடு மாட்டுக்கு இது புதுக் கதையும் அல்ல. தென் அவுஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரியின் படை ஒதுங்கிய கரையில் நீர் குடித்த கால்நடைகள் மாண்டதை 1878இலேயே ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதினார். பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல் இப்படிப்பட்ட நீர் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்குள் போய் 50க்கு மேற்பட்ட நோயாளர்கள் இறந்தார்கள். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், குழாய் நீரைக் குடிக்கவும் வேண்டாம் கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்று நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அறிவித்தார்கள். இவையெல்லாம் எங்கேயோ நடந்தவை என்று விட்டுவிடவும் முடியாது. 1999இல் கண்டி வாவியிலேயே மைக்ரோசிஸ்டிஸ் படை வந்தது.

நீங்கள் மறக்கக்கூடாத ஊர் இவற்றில் எதுவும் அல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு அப்பால் உள்ள பாம் தீவு. 1979இல் அங்கே குடிநீர் அணைக்கட்டில் அல்கா படர்ந்து தண்ணீர் நாறியது, சுவை கெட்டது. மக்கள் முறையிட்டார்கள். பொறுப்பானவர்கள் செப்புச் சல்பேற்றுப் போட்டார்கள். எங்கள் தோட்டங்களில் மயில்துத்தம் என்று சொல்வோமே, அதுவே. சில நாட்களில் பிள்ளைகள் சத்தியெடுக்கத் தொடங்கினார்கள், ஈரல் வீங்கியது, பிறகு வயிற்றோட்டம். 148 பேர் பாதிக்கப்பட்டார்கள், மிகப் பெரும்பாலானோர் சிறுவர்கள், அந்த மண்ணின் ஆதிக்குடிப் பிள்ளைகள். கொஞ்சக் காலம் அதைப் பாம் தீவின் மர்ம நோய் என்றே அழைத்தார்கள். மருந்து அல்காவைக் கொன்றது, கலங்கள் உடைந்தன, உள்ளே அடைபட்டிருந்த நஞ்சு ஒரேயடியாக நீரில் கலந்தது. குளக்கரைக் கல்லில் நீலக் கறை என்று சொன்னேனே, அதே உடைவு ஓர் அணைக்கட்டு முழுக்க நடந்தது. முறைப்பாட்டுக்குச் செவிசாய்த்துத்தான் அந்த மருந்தைப் போட்டார்கள். உங்களிடமும் அப்படி முறைப்பாடு வரும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

செம்பு அத்தோடு போய்விடுவதும் இல்லை. அது அடிச் சேற்றில் தங்கும். கோடையில் குளத்து மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்கும் தோட்டத்துக்கும் போடுவது எங்கள் பாட்டன்மாரின் வழக்கம். பூவரசங்குழை தாழ்ப்பதுபோல அதுவும் ஒரு பசளை. குளத்துப் பொசுபரசு வயலுக்குத் திரும்பும், குளமும் ஆழமாகும். மயில்துத்தம் ஏறிய சேற்றை யார் மனமுவந்து வெங்காயப் பாத்தியில் கொட்டுவார்?

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தனிக் கவலை உண்டு. எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிறது. தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டாலும், பெரும்பாலான வளவுகளில் இன்னும் கிணறுதான். அந்தக் கிணறுகளுக்கு நீர் ஊட்டுவது மழையும், மழையைத் தேக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களும். கீழே சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றில் எட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கல்லுக்குள் எவ்வளவு பெரிய பொந்து இருக்கலாம் என்று தெரியும். மணல் வடிகட்டுவதுபோல அது வடிகட்டாது. வெடிப்பு இருந்த வழியே நீர் இறங்கிவிடும். செம்மண் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த செய்தி. குளத்தைப் பச்சையாக்கும் அதே தீனிதான் கிணற்றுக்கும் இறங்கியிருக்கிறது. ஆனால் கிணற்று நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. குளம் பச்சையாகிக் காட்டியாவது கொடுக்கிறது. அந்தப் பச்சையை மட்டும் அழித்துவிட்டுப் போவதில் எனக்கு இதனாலும் உடன்பாடு இல்லை.

அப்படியானால் பச்சை கண்டதும் என்ன செய்வது? முதலில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் நாய்களையும் விலக்குங்கள். படிக்கட்டின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: குளிக்க வேண்டாம், முகம் கழுவ வேண்டாம், ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம். பிறகு நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் எந்த இனம் என்று பார்ப்பது அங்குள்ளவர்களுக்குக் கைவந்த வேலை. காற்று ஒரு மூலையில் ஒதுக்கிவிடும் தடித்த படையைக் கையுறையோடு வலையால் அரித்து எடுத்து, நீர் திரும்ப வடியாத இடத்தில் புதைக்கலாம். பம்பு வைத்து நீரைச் சுழற்றினால் மீனாவது பிழைக்கும். படை தானாக அடங்கும்வரை நீரைத் தொடாமல் இருப்பது பல குளங்களில் முடியக்கூடிய காரியமே. தீர்த்தம் வருகிறது என்றால், ஆலயத்தார் பெரியோரோடு பேசி, சுவாமிக்குத் தீர்த்தமாடும் நீரைக் கிணற்றிலிருந்து எடுத்து, அடியார்கள் கேணிக்குள் இறங்குவதை அந்த ஆண்டு மட்டும் நிறுத்தலாம். சொல்வது இலகு, செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். நானும் அதே கோயிலில் கும்பிடுகிறவன்தான்.

நீடித்த வேலை வாய்க்காலில் இருக்கிறது. குளத்துக்குள் வரும் ஒவ்வொரு வாய்க்காலையும் மாரிக்கு முன் நடந்து பாருங்கள். எந்த வீட்டுக் கழிவுநீர், எந்தக் கடையின் பின்பக்கம் அதில் சேர்கிறது என்று அப்போது தெரியும். கழிவு வரும் வாயை மூடி, மழைநீர் வரும் வழியை மட்டும் திறந்து விடுங்கள். அது ஒரு மேசனும் இரண்டு பேரும் இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலையாகவும் இருக்கலாம். சித்திரை முதல் ஆவணிவரை வற்றும் குளங்களில் சேற்றை அள்ளி, கமக்கார அமைப்புகள் மூலம் தோட்டங்களுக்குக் கொடுங்கள். அழகுபடுத்துகிறோம் என்று கரையையும் அடியையும் கொங்கிறீற்றால் மூடுவதை விடுங்கள். கரையோரக் கோரையும் ஆம்பலும் தாமரையும் நீலப்பச்சை அல்காவோடு அதே தீனிக்குப் போட்டி போடுபவை. அடியை மூடினால் கிணற்றுக்கு நீர் இறங்குவதும் நின்றுவிடும். குளத்தைச் சுற்றி உள்ள தோட்டங்களில் மண்ணைப் பரிசோதித்து உரம் போடச் சொல்ல, கமநல சேவைகள் நிலையத்தாரோடு ஒரு கூட்டம் வையுங்கள். தோட்டக்காரரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகாது. அவர்கள் வாய்க்காலில் விட்டது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய உரம். அது வீணாகப் போவது அவர்களுக்கும் வலிக்கும்.

பக்கத்து வளவு அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று சொன்னேன். அவர் இப்போது கிணற்றில் அள்ளி ஆட்டுக்கு வைக்கிறார், ஒரு நாளைக்கு ஆறு வாளி. வயது எழுபதுக்கு மேல்.

மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளத்துக்கு ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு முன் வாருங்கள். இரவு முழுக்க அல்காவும் சேறும் ஒட்சிசனை எடுத்துவிட, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அந்த நேரத்தில்தான் பார்க்கலாம். வடக்குப் பக்கத்து வாய்க்காலையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஒரு தடியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுவந்து படிக்கட்டில் இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்
யாழ்ப்பாணம்